ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம்!

தலைப்பைப் பார்த்துவிட்டு, "ஏதோ மாமியார் - மருமகள் தகராறு போலிருக்கிறது" என்று ஆவலோடு படிக்க வந்த சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்லப் போவது எங்கள் வீட்டு லேப்டாப்பைப் பற்றி. அதன் ஹார்ட் டிஸ்க்கில் நடுவே ஒரு சுவர் எழுப்பி, பழைய குடித்தனத்தைக் காலி செய்யாமலே புதிதாக இன்னொரு குடித்தனத்தைக் கொண்டு வந்து வைத்த கதை இது. அதுவும் சி.டி. டிரைவ் இல்லாத லேப்டாப்பில்!

"இதெல்லாம் நமக்கெதற்கு? வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நானும் பத்தாவது வரை படித்தவள்தான். மாவு அரைத்து, பொடி இடித்து, அதை நாலு கடைக்குப் போட்டு வருகிறவள். எனக்கு வந்தது உங்களுக்கும் வரும். அது மட்டுமல்ல, தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்கு நான் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

"பேக்கப் இருக்கா?"

2018-ல் என் அம்மா எங்களோடு இரண்டு மாதம் இருந்தார்கள். அப்போது அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. பொடி வகைகளில் அம்மாவின் கை யாருக்கும் வராது. "அம்மா, அளவெல்லாம் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றால், "எழுதினா வராதுடி, கேட்டுக்கோ" என்பார்கள். அதனால் என் போனில் அம்மாவைப் பேசவிட்டுப் பதிவு செய்தேன். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, பிரசவப் பத்தியப் பொடி என்று பதினோரு பதிவுகள். நடு நடுவே அம்மாவின் இருமல், தெருவில் போன கீரைக்காரி குரல் எல்லாம் இருக்கும். போனில் இடமில்லை என்று அத்தனையையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டேன்.

மறு வருடம் லேப்டாப் நத்தை மாதிரி ஊர ஆரம்பித்தது. பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன், "ஃபார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுடலாம்க்கா. பேக்கப் இருக்கா?" என்றான்.

எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "இருக்கு, இருக்கு" என்று தலையாட்டிவிட்டேன்.

சாயங்காலம் லேப்டாப் புதுசு போல வேகமாக ஓடியது. உள்ளே ஒன்றுமே இல்லை. பதினோரு பதிவுகளும் போய்விட்டன. "நீங்கதானேக்கா பேக்கப் இருக்குன்னு சொன்னீங்க?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. 2020-ல் அம்மா போய்விட்டார்கள். பருப்புப் பொடியில் அம்மா கடைசியில் சேர்க்கும் சாமான் ஒன்று உண்டு. அது என்னவென்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்குத் தீர்மானித்தேன். இனி இந்தப் பெட்டிக்குள் யார் கை வைப்பதானாலும், என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் என்று.

மறுபடியும் ஒரு சோதனை

எங்கள் லேப்டாப் 2016-ல் வாங்கியது. விண்டோஸ் 10 அதில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம். அதற்குப் பிறகும் லேப்டாப் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது. கதவில் தாழ்ப்பாள் தேய்ந்துபோன வீடு மாதிரி.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், புதிய ரகப் பிராசஸரும் வேண்டுமாம். எங்களுடைய பழைய லேப்டாப்பில் அவை இல்லை. விசாரித்த இடத்தில், "இதைத் தூக்கிப் போட்டுட்டு நாற்பதாயிரத்துக்குப் புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். பெண் பி.காம். இரண்டாம் வருடம். அந்த மாதம்தான் பரீட்சைக் கட்டணம் கட்டியிருந்தோம். இவர், "பார்க்கலாம்" என்றார். இவர் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அந்த லேப்டாப்பில் பெண்ணின் பாடக் குறிப்புகள், என் பொடி வியாபாரத்தின் ஆறு வருடக் கணக்கு, குடும்பப் போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. பாக்கெட்டில் ஒட்டும் லேபிள் அடிக்கிற சின்னப் பிரிண்டர் வேறு விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும். ஆக, விண்டோஸைத் துரத்தவும் முடியாது. அதை நம்பி இன்டர்நெட்டில் பணம் அனுப்பவும் பயம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் பையனிடம் போனில் புலம்பினேன்.

"அத்தை, ஏன் கவலைப்படறீங்க? விண்டோஸ் அது பாட்டுக்கு இருக்கட்டும். டிஸ்க்கைப் பிரிச்சு பக்கத்துல லினக்ஸ் போட்டுடலாம். லினக்ஸ் இலவசம். நான் வந்து போட்டுத் தர்றேன்."

"நீ வா. ஆனா நீ போட வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்து சொல்லு. நான் போடறேன்."

அவன் சிரித்தான். ஆனால் மார்கழியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான்.

குதிரும் தடுப்பும்

ஹார்ட் டிஸ்க் என்பதை அந்தக் காலத்துக் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குதிரில் நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பக்கம் நெல்லும் இன்னொரு பக்கம் உளுந்தும் கொட்டலாம். ஒன்றோடு ஒன்று கலக்காது. அந்தத் தடுப்புக்குப் பெயர்தான் பார்ட்டிஷன். சி டிரைவ், டி டிரைவ் என்று நாம் பார்ப்பதெல்லாம் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் தடுப்புகள்தான்.

எந்தத் தடுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்க்கின் ஆரம்பத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கும். வீட்டுக்கு மனைப் படம் மாதிரி. 1983-லிருந்து இருந்து வந்த பழைய முறைக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் முக்கியத் தடுப்புகள் நாலுதான் போட முடியும், இரண்டு டி.பி.-க்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுசாக அளக்கவும் அதற்குத் தெரியாது. இப்போது வருகிற ஜி.பி.டி. முறையில் 128 தடுப்பு வரை போடலாம். எங்களுடையது ஜி.பி.டி.தான்.

தடுப்புக்குள் வந்து குடியேறி நிர்வாகம் பண்ணுவது ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸும் அதுதான், லினக்ஸும் அதுதான். நம்மைப் போலத்தான்: சாமான் எங்கே இருக்கிறது, யார் கேட்டால் எதை எடுத்துத் தருவது, எந்த வேலை முதலில் என்று எல்லாம் பார்ப்பது. லினக்ஸின் உள் அடித்தளத்தை 1991-ல் பின்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ், எழுத ஆரம்பித்தார். பிறகு உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். அதை வைத்துப் பல ரகங்கள் வந்திருக்கின்றன. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் ஒரு லினக்ஸ்தான். நாங்கள் எடுத்துக்கொண்டது லினக்ஸ் மின்ட். அதிலும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான ரகம். எங்கள் லேப்டாப்பில் இருப்பது நாலு ஜி.பி. ராம், அதற்கு இது போதும்.

இங்கே இன்னொரு விஷயம். எங்கள் டிஸ்க் 500 ஜி.பி. என்று அட்டையில் போட்டிருந்தது. திறந்து பார்த்தால் 465 என்று காட்டியது. "35 ஜி.பி.-யை யார் சாப்பிட்டது?" என்றேன்.

"யாரும் சாப்பிடலை அத்தை. டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணறாங்க. விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. டிஸ்க் ஒண்ணுதான், படி வேற" என்றான். பட்டணம் படியும் பெரிய படியும் மாதிரி என்று புரிந்துகொண்டேன். இந்தப் படிக் கணக்குதான் பிறகு எனக்குக் கை கொடுத்தது.

சி.டி.க்குப் பதில் பென் டிரைவ்

முன்பெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம் சி.டி.யில் வந்தது. சி.டி. கொள்வது 700 எம்.பி.; சாதாரண டி.வி.டி. 4.7 ஜி.பி. லேப்டாப்புகள் மெலிய மெலிய அந்தத் தட்டே இல்லாமல் போயிற்று. இப்போது அதே வேலையைப் பென் டிரைவ் செய்கிறது. லினக்ஸுக்கு எட்டு ஜி.பி. போதும். நான் கடைத்தெருவில் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று நானூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்திலிருந்து ஏறத்தாழ மூன்று ஜி.பி. அளவுள்ள ஒரு கோப்பை இறக்கினோம். அதற்கு ஐ.எஸ்.ஓ. கோப்பு என்று பெயர். ஒரு முழு டி.வி.டி.யை அப்படியே அச்செடுத்த மாதிரி.

நான் கெட்டிக்காரத்தனமாக, பாட்டு காப்பி பண்ணுவது போல அந்தக் கோப்பைப் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு, லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பழையபடி விண்டோஸ்தான் வந்தது. அண்ணன் பையன் ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, இட்லி மாவைப் பாத்திரத்தோட தட்டுல வெச்சா இட்லி ஆகுமா? குழியில ஊத்தணும் இல்ல?"

அந்தக் கோப்பைப் பிரித்து, லேப்டாப் தானாக எழும்பக்கூடிய விதத்தில் பென் டிரைவில் எழுத வேண்டுமாம். அதற்கு 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மேலே பென் டிரைவைக் காட்டி, கீழே ஐ.எஸ்.ஓ. கோப்பைக் காட்டி, 'ஸ்டார்ட்' கொடுத்தால் அது பார்த்துக்கொள்ளும். பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் அழிந்துவிடும். அதனால் காலி டிரைவாக இருக்க வேண்டும். வேறெந்தப் பென் டிரைவும் அந்த நேரத்தில் செருகியிருக்கக் கூடாது.

விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியவர்களுக்கும் இதே வழிதான். மைக்ரோசாஃப்டின் இணையதளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' என்று ஒன்று கிடைக்கும். எட்டு ஜி.பி.க்குக் குறையாத பென் டிரைவ் வேண்டும். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் உரிமம் பெரும்பாலும் அந்த மெஷினோடு பதிந்திருக்கும். அதே ரக விண்டோஸை மறுபடி போட்டால் சாவி எண் கேட்காமல் தானே எடுத்துக்கொள்ளும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இரண்டும் வேண்டுமானால் விண்டோஸை முதலில் போட வேண்டும், லினக்ஸை இரண்டாவதாக. லினக்ஸ் வாசலில் இரண்டு பேர் பெயரையும் எழுதி வைக்கும். விண்டோஸ் பின்னால் வந்தால் வாசலில் தன் பெயரை மட்டுமே எழுதிக்கொள்ளும்!

முதல் வேலை முதலில்

சுவரில் கை வைக்கும் முன் நான் கேட்ட கேள்வி: "பேக்கப்?"

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று அவனே கொண்டு வந்திருந்தான். பெண்ணின் பாடம், கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். எனக்குத் திருப்தியில்லை. போட்டோவையும் கணக்கையும் இன்னொரு பென் டிரைவிலும் போட்டுப் பீரோவில் வைத்தேன். பிறகு அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஊறுகாய் போட்டு மூடி வைத்தால் மட்டும் போதுமா? நடுவில் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டாமா?

அப்போதுதான் தயங்கித் தயங்கி, "அன்னைக்கு அழிஞ்ச பாட்டி குரலை மீட்டிருக்க முடியுமா?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உடனே நிறுத்தியிருந்தா ஏதாவது கிடைச்சிருக்கலாம் அத்தை. அதுக்கு மேலயே புது விண்டோஸ் போட்டு, இத்தனை வருஷமா எழுதியாச்சே" என்றான். ஃபார்மட் செய்த உடனே டிஸ்க்கில் உள்ளது எல்லாம் முழுக்க மறைந்துவிடுவதில்லையாம். அதன் மேல் வேறொன்று எழுதும்போதுதான் நிரந்தரமாகப் போகிறதாம். இதை எனக்கு 2019-ல் யாரும் சொல்லவில்லை. உங்களுக்காவது உபயோகப்படட்டும்.

சுவர் எழுப்பினோம்

மறுநாள் காலை மின்தடை அறிவிப்பு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சார்ஜரையும் செருகிவிட்டு உட்கார்ந்தேன். பார்ட்டிஷன் மாற்றும்போது நடுவில் கரன்ட் போனால் ஆபத்து. எங்கள் லேப்டாப்பின் பேட்டரி இருபது நிமிடம் தாங்கினால் அதிசயம்.

முதலில் கன்ட்ரோல் பேனலில் பவர் பகுதிக்குப் போய், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்தினேன். அது இருந்தால் விண்டோஸ் முழுசாகத் தூங்காமல் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்குமாம். பக்கத்துக் குடித்தனத்துக்குத் தொந்தரவு.

பிறகு 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'. ஸ்டார்ட் பொத்தானில் வலது க்ளிக் செய்தால் பட்டியலில் வரும். எங்கள் டிஸ்க்கின் படம் வரிசையாகக் கட்டம் கட்டித் தெரிந்தது. ஆரம்பத்தில் சின்னதாக ஒரு கட்டம், ஈ.எஃப்.ஐ. என்று. அதுதான் வாசல் திண்ணை. லேப்டாப் எழும்பும்போது முதலில் பார்ப்பது அங்கேதான். அதைத் தொடவே கூடாது. கடைசியில் ரிகவரி என்று இன்னொரு சின்னக் கட்டம். நடுவில் பெரிய கூடமாக சி டிரைவ். அதில் பாதிக்கு மேல் காலி.

சி டிரைவ் மேல் வலது க்ளிக் செய்து, 'ஷ்ரிங்க் வால்யூம்' என்பதைக் கொடுத்தேன். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்.பி. கணக்கில் கேட்டது. 120 ஜி.பி. வேண்டும், 120-ஐ 1024-ஆல் பெருக்கினால் 1,22,880. பால் கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அந்த எண்ணை அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சி டிரைவ் சுருங்கி, பக்கத்தில் கறுப்புப் பட்டையோடு ஒரு காலியிடம் வந்தது. உள்ளே இருந்த சாமான் ஒன்று கூடக் கெடவில்லை. அந்தக் காலியிடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். விண்டோஸை விட்டே அதில் டிரைவ் உண்டாக்கக் கூடாது.

அந்தப் பத்து நிமிடம்

பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பைப் போடும்போதே எஃப் 12 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. (சில கம்பெனி லேப்டாப்பில் எஃப் 9, சிலதில் எஸ்கேப்.) யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்தேன். ஓரிரு நிமிடத்தில் லினக்ஸ் முகம் தெரிந்தது. டிஸ்க்கில் ஒன்றையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே ஓடிக் காட்டுகிறது. வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று எல்லாம் பார்த்த பிறகு சம்மதம் சொன்னால் போதும். பெண் பார்க்கும் படலம்தான்!

எல்லாம் வந்தது. 'இன்ஸ்டால்' கொடுத்தேன். மொழி, கீபோர்டு என்று கேட்டுக்கொண்டே போனது. அந்தச் சமயம் பார்த்து அண்ணன் பையனுக்கு ஆபீஸிலிருந்து போன். வாசலுக்குப் போய்விட்டான்.

திரையில் அடுத்த கேள்வி வந்தது. 'விண்டோஸோடு சேர்த்துப் போடு' என்று ஒரு வரி வரும் என்று சொல்லியிருந்தான். அந்த வரியைக் காணோம். இருந்தது இரண்டே இரண்டு. 'டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு' என்பது ஒன்று. அதில் ஏற்கெனவே புள்ளி வைத்திருந்தது. இன்னொன்று 'சம்திங் எல்ஸ்', அதாவது வேறு வழி. கீழே 'இன்ஸ்டால் நவ்' என்று பொத்தான். அது வரைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே வந்த விரல் அதன் மேலேயே போய் நின்றது.

சகோதரிகளே, அழி என்கிற அந்த ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. கடையில் தலையாட்டிக்கொண்டு நின்ற நாள் கண் முன்னால் வந்தது. கையை எடுத்துவிட்டு, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பேக்கப் இருக்கிறது என்று தெரிந்தும் மார்பு படபடவென்று அடித்தது.

திரும்பி வந்து 'சம்திங் எல்ஸ்' கொடுத்தேன். டிஸ்க்கின் கட்டங்கள் பட்டியலாக வந்தன. அதில் காலியிடம் என்று ஒன்று இருந்தது. ஆனால் அளவு? 1,28,849 எம்.பி. என்றது. நான் குறைத்ததோ 1,22,880! ஆறாயிரம் அதிகம். வேறு எதையோ காட்டுகிறதோ, விண்டோஸ் இடத்தையே காலியிடம் என்கிறதோ என்று மறுபடியும் பயம்.

சட்டென்று அந்தப் படிக் கணக்கு ஞாபகம் வந்தது. விண்டோஸ் சின்ன எண்ணாகக் காட்டும், லினக்ஸ் இங்கே ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறதோ? போனில் கால்குலேட்டரை எடுத்து, 1,22,880-ஐ 1024-ஆல் இரண்டு தடவை பெருக்கி, 1000-ஆல் இரண்டு தடவை வகுத்தேன். 1,28,849 வந்தது! இடம் ஒன்றுதான், படிதான் வேறு.

போன் பேசி முடித்து உள்ளே வந்தவன் நோட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "அத்தை, கணக்கு கரெக்ட். இதுக்கு மேல நான் எதுக்கு?" என்றான். பத்தாவதில் கணக்கில் நாற்பத்தொரு மார்க் வாங்கியவளுக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்?

காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியைத் தட்டி, ஈ.எக்ஸ்.டி. 4 என்ற வகையையும், ஒரு சாய்கோட்டையும் (அதுதான் லினக்ஸுக்குத் தலைவாசல்) கொடுத்தோம். எந்த இடத்தை மாற்றப் போகிறேன் என்று ஒரு தடவை கேட்டது. ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். அரை மணியில் முடிந்தது. சோறு வடித்து இறக்கும் நேரம்தான்.

இரண்டு குடித்தனமும் எப்படி இருக்கின்றன?

இப்போது லேப்டாப்பைப் போட்டால், லினக்ஸா விண்டோஸா என்று கேட்கிறது. இன்டர்நெட், பாங்க் வேலை, பெண்ணின் படிப்பு எல்லாம் லினக்ஸில். லேபிள் அடிக்க மட்டும் விண்டோஸ். அதற்கு வைஃபை கொடுப்பதில்லை. கணக்கு ஷீட்டெல்லாம் லினக்ஸில் உள்ள லிப்ரே ஆபீஸில் திறக்கிறது. விண்டோஸ் பக்கத்தில் இருக்கும் போட்டோக்களை இந்தப் பக்கத்திலிருந்தே பார்க்கவும் முடிகிறது.

ஒரு சின்ன வேடிக்கை. முதல் நாள் விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. லினக்ஸ் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்குத் திருப்பி வைத்துவிடுகிறதாம்; விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு வரிக் கட்டளையில் அவன் சரி செய்தான். குடித்தனக்காரர்கள் என்றால் இப்படிச் சில்லறைச் சண்டை இல்லாமலா?

முயற்சி செய்யும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

* பேக்கப் எடுக்காமல் பார்ட்டிஷனில் கை வைக்கவே வைக்காதீர்கள். முக்கியமானது இரண்டு இடத்தில் இருக்கட்டும். திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

* 'பிட்லாக்கர்' என்ற பூட்டு போட்ட லேப்டாப் என்றால், அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள். நாற்பத்தெட்டு இலக்கம் இருக்கும்.

* ஒவ்வொரு தடுப்பின் அளவையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவின் பெயர் விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் ஒன்றாக இருக்கும். அளவை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்க முடியும்.

* டெலீட், ஃபார்மட், இரேஸ் - இந்த மூன்று வார்த்தையில் எது கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

* தப்பித் தவறி ஏதாவது அழிந்துவிட்டால், அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் ஏற்றாமல் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

* நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவை அழிக்காதீர்கள். என்றைக்காவது லேப்டாப் எழும்ப மறுத்தால், அதிலிருந்து எழுப்பி உங்கள் கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். வீட்டில் தைலப் பாட்டில் வைத்திருப்பது போல.

* முக்கியமாக, யாராவது தெரியாத வார்த்தை சொல்லிக் கேட்டால், "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டுவிடுங்கள். நாலு பேர் இருந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருந்தேன். பெண் போனைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். "அம்மா, அளவெல்லாம் சொல்லு" என்றாள். "எழுதிக்கோயேன்" என்றேன். "எழுதினா வராது. நீ பேசு" என்றாள்.

பேசினேன். அன்றைக்கே மூன்று இடத்தில் ஏற்றி வைத்துவிட்டேன்.